16 சொற்கள்... யாருடைய வண்டி அது?

மொத்தமே 16 சொற்கள். அவ்வளவுதான் கவிதை. வாட்ஸ்அப்பில் தினமும் வரும் காலை வணக்கச் செய்திகூட இதைவிட நீளமாக இருக்கும். ஆனால், இந்த 16 சொற்களை மேஜைக்கு நடுவே வைத்துக்கொண்டு ஆறேழு பேர் நேரம் போவது தெரியாமல் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்க உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் காத்திருக்கிறார்கள். அப்படி என்ன இருக்கிறது அதில்?

கவிதையை எழுதியவர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ரூதர்ஃபோர்டு என்கிற சிறிய ஊரில் டாக்டராக இருந்தவர். பிரசவம், குழந்தைகளுக்கு வைத்தியம் என்று பகலெல்லாம் ஓட்டம். நோயாளிகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில், மருந்துச்சீட்டின் தாளிலேயே கவிதை கிறுக்கி வைத்துக்கொள்வார். 1923-ல் அவர் வெளியிட்ட 'ஸ்பிரிங் அண்ட் ஆல்' என்ற நூலில் இந்தக் கவிதை இருக்கிறது. அப்போது அதற்குத் தலைப்புகூடக் கிடையாது. 22 என்ற எண் மட்டும்தான். 'சிவப்புத் தள்ளுவண்டி' என்ற பெயர் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

கவிதையின் விஷயம் இதுதான். சிவப்பு நிறத்தில் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி ஒன்று நிற்கிறது. கட்டட வேலை நடக்கும் இடங்களில் மண்ணும் ஜல்லியும் அள்ளிக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி வண்டி. மழையில் நனைந்து பளபளக்கிறது. பக்கத்தில் வெள்ளைக் கோழிகள். இந்த வண்டியை நம்பித்தான் எத்தனையோ இருக்கிறது என்கிறார் கவிஞர். அந்த 'எத்தனையோ' என்னவென்று மட்டும் சொல்லவே இல்லை.

முதன்முறை படிக்கும் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான். 'இவ்வளவுதானா? இது கவிதையா?'

அந்தக் கேள்வி நியாயமானது. எதுகை இல்லை, மோனை இல்லை, அறிவுரை இல்லை, காதல் இல்லை. பள்ளிக்கூடத்தில் கவிதை படித்த விதமும் நமக்கு வேறு. ஆசிரியர் பொருள் சொல்வார். நோட்ஸில் அது அச்சாகியிருக்கும். பரீட்சையில் அதை அப்படியே எழுதினால் மார்க். பொருள் எங்கோ ஒரு பெட்டிக்குள் பூட்டியிருக்கிறது, சாவி வாத்தியாரிடம் இருக்கிறது என்கிற எண்ணம் அங்கேயே மனதில் பதிந்துவிடுகிறது. பள்ளி முடிந்த பிறகு சாவி இல்லை. கவிதைப் புத்தகத்தைத் தொடவும் தயக்கம். 'நமக்கெல்லாம் புரியாது' என்று பலர் கவிதையிடமிருந்து விலகிப்போவது இப்படித்தான்.

அந்தத் தயக்கத்தை உடைக்க ஓர் எளிய வழி இருக்கிறது. தனியாகப் படிக்காதீர்கள், கூடிப் படியுங்கள். பொருள் என்ன என்று கேட்காதீர்கள், முதலில் சொல்லைப் பாருங்கள்.

பிலடெல்பியாவில் ஒரு வீடு

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பென்சில்வேனியா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு பழைய வீடு இருக்கிறது. கெல்லி ரைட்டர்ஸ் ஹவுஸ் என்று பெயர். 1995-ல் எழுத்தாளர்களும் மாணவர்களும் சேர்ந்து உருவாக்கிய இடம் அது. வகுப்பறை மாதிரி பெஞ்சு வரிசை கிடையாது. வீடு மாதிரியே சமையலறை உண்டு, கூடம் உண்டு, மேஜை நாற்காலி உண்டு.

அங்கே ஆல் ஃபில்ரைஸ் என்ற பேராசிரியர் நவீன அமெரிக்கக் கவிதையைப் பல ஆண்டுகளாகக் கற்பித்துவருகிறார். மேடையில் நின்று சொற்பொழிவு ஆற்றுவது அவர் வழக்கமில்லை. மாணவர்களோடு மேஜையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார். 'இந்தச் சொல்லை நீ எடுத்துக்கொள், அடுத்த சொல்லை நீ' என்று ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்துப் பேசவைப்பார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் பிடித்துக்கொண்டு மேலே போவார். மூன்றாமவர் மறுப்பார். இதைத்தான் நுணுகி வாசித்தல் என்கிறார்கள்.

2012 செப்டம்பரில் இந்த வகுப்பைக் கோர்செரா தளம் வழியாக இலவசமாக எல்லோருக்கும் திறந்துவிட்டார் ஃபில்ரைஸ். 'மாட்போ' என்பது அதன் செல்லப்பெயர். 10 வாரப் படிப்பு. முன்தகுதி எதுவும் தேவையில்லை. 'புரியாத கவிதைக்கு யார் வரப்போகிறார்கள்?' என்றுதான் யாருக்கும் தோன்றும். முதல் ஆண்டிலேயே 36,000-க்கும் அதிகமானோர் பதிவு செய்தார்கள். அத்தனை பேருக்கும் பாடம் எப்படி நடத்துவது? அவர் பாடம் நடத்தவே இல்லை. அதே மேஜை, அதே பேச்சு. அதைப் படம் பிடித்துக் காட்டினார். எழுதிவைத்த வசனம் எதுவும் கிடையாது. தயக்கம், சிரிப்பு, 'இல்லை, நான் சொன்னது தப்பு' என்று பின்வாங்குவது எல்லாமே அதில் இருந்தன. பார்த்தவர்களுக்கு, தாமும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரலாம் என்ற தைரியம் வந்தது.

அந்தப் படிப்பு எமிலி டிக்கின்சன், வால்ட் விட்மன் இருவரிடமிருந்து தொடங்குகிறது. வில்லியம்ஸின் தள்ளுவண்டியும் அதில் உண்டு.

ஆளுக்கொரு சொல்

அந்த 16 சொற்களை ஐந்து பேர் கூடி வாசித்தால் என்ன நடக்கும்? பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

முதலில் யாராவது ஒருவர் எண்ணிப் பார்ப்பார். கவிதையில் நான்கு பத்திகள், ஒவ்வொன்றிலும் இரண்டு வரிகள். முதல் வரியில் மூன்று சொற்கள், அடுத்த வரியில் ஒரே ஒரு சொல். நான்கு பத்தியிலும் இதே கணக்குதான். அப்படியானால் போகிறபோக்கில் எழுதியதில்லை, அளந்து கட்டியிருக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

உடனே இன்னொருவர் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்ப்பார். மேலே நீண்ட வரி, கீழே குட்டி வரி. ஒவ்வொரு பத்தியும் குட்டித் தள்ளுவண்டி மாதிரியே தெரிகிறதே!

மூன்றாமவர் கையில் 'டிபெண்ட்' என்ற ஆங்கிலச் சொல் இருக்கும். நம்பியிருப்பது, சார்ந்திருப்பது என்று எல்லோருக்கும் தெரிந்த பொருள். அகராதியைப் புரட்டினால், லத்தீன் மூலத்தில் அதற்குத் 'தொங்குதல்' என்று பொருள் என்பது தெரியவரும். இப்போது மறுபடி கவிதையைப் பார்த்தால், மூன்று சொல் வரியின் அடியில் ஒற்றைச் சொல் தொங்கிக்கொண்டிருக்கிறது. சொல் எதைச் சொல்கிறதோ, அதையே வடிவமும் செய்கிறது.

நான்காமவர் ஒரு குறை கண்டுபிடிப்பார். ஆங்கிலத்தில் தள்ளுவண்டிக்கு 'வீல்பேரோ' என்று ஒரே சொல். கவிஞர் அதை இரண்டாக வெட்டி, சக்கரத்தை ஒரு வரியிலும் வண்டியை அடுத்த வரியிலும் போட்டிருக்கிறார். மழைநீரையும் அப்படியே, மழை ஒரு வரி, நீர் ஒரு வரி. ஏன் இப்படி? வேகமாகப் படிக்கிற கண்ணைத் தடுத்து நிறுத்தத்தான் என்பார் ஒருவர். நாம் தினமும் பார்த்தும் பார்க்காத பொருளைப் பகுதி பகுதியாகப் பார்க்கவைக்கிறார் என்பார் இன்னொருவர்.

இதுவரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த ஐந்தாமவர் மெதுவாகக் கேட்பார். 'வண்டி இருக்கு, கோழி இருக்கு. ஆள் எங்கே? இந்த வண்டியைத் தள்ளுறது யாரு?'

மேஜை கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும்.

கூடி வாசிப்பதன் பலன் இதுதான். ஐந்து பேரில் யாருமே தனியாக இவ்வளவையும் பார்த்திருக்க மாட்டார்கள். கணக்குப் போடுகிறவருக்கு எண்ணிக்கை கண்ணில் படுகிறது. வரைகிறவருக்கு வடிவம் தெரிகிறது. வீட்டில் கோழி வளர்த்தவருக்கு, மழை விட்ட பிறகு கோழிகள் வெளியே வரும் நேரம் அது என்பது தெரிகிறது. கவிதை படித்தே பழக்கமில்லாதவர்தான் பல நேரம் முக்கியமான கேள்வியைக் கேட்கிறார். ஏனென்றால், என்ன கேட்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

'அப்படியானால் யார் என்ன சொன்னாலும் சரிதானா?' என்றால், இல்லை. இந்த விளையாட்டுக்கு விதி ஒன்று உண்டு. எதைச் சொன்னாலும், 'எந்தச் சொல்லைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்?' என்று கேட்டால் விரல் வைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அது உங்கள் கற்பனை, கவிதையில் உள்ளதில்லை.

பெயரை மறைத்த பேராசிரியர்

இந்த விதிக்கு நூறாண்டு வயது ஆகப்போகிறது. 1920-களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற பேராசிரியர் ஒரு சோதனை செய்தார். கவிதைகளை அச்சிட்டு மாணவர்களிடம் கொடுத்தார். எழுதியவர் பெயர் இல்லை, காலம் இல்லை. 'படித்துவிட்டு, தோன்றியதை எழுதிக் கொடுங்கள்' என்றார். நல்ல கவிதையும் இருந்தது, சுமாரானதும் இருந்தது.

முடிவு அதிர்ச்சியாக இருந்தது. இலக்கியம் படித்த மாணவர்களே பெரிய கவிஞர்களின் கவிதைகளைக் குறை சொல்லித் தள்ளியிருந்தார்கள். சாதாரணமானவற்றைப் புகழ்ந்திருந்தார்கள். பெயர் இல்லாமல் படித்தபோதுதான், கவிதையை அல்ல, பெயரைத்தான் இத்தனை நாள் மதித்திருக்கிறோம் என்பது வெளிச்சமானது. 13 கவிதைகளையும், அவற்றுக்கு வந்த பதில்களையும் தொகுத்து 1929-ல் 'பிராக்டிகல் கிரிட்டிசிசம்' என்ற புத்தகமாக வெளியிட்டார் ரிச்சர்ட்ஸ். ஆங்கில இலக்கிய வகுப்புகளின் போக்கையே மாற்றிய புத்தகம் அது.

அந்த அலை தமிழுக்கும் வந்தது. 1959-ல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' பத்திரிகை, புதுக்கவிதைக்கு இடம் கொடுத்ததோடு, படைப்பைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்கும் விமர்சனத்தையும் முன்வைத்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'அலசல்'. துணி அலசுவது மாதிரி, கவிதையை நன்றாக அலசிப் பார்ப்பது. தமிழ்ப் புதுக்கவிதையின் முன்னோடி ந. பிச்சமூர்த்திக்கு யாப்பை விட்டு எழுதும் உந்துதல் தந்ததும், மாட்போ முதல் வாரங்களில் படிக்கிற அதே வால்ட் விட்மன்தான்.

மேஜையில் இல்லாத ஆள்

இப்போது அந்த ஐந்தாமவர் கேள்விக்கு வருவோம். வண்டியைத் தள்ளுகிறவர் யார்?

தள்ளுவண்டிக் கவிதையைப் பற்றிப் பல வகுப்புகளில் ஒரு கதை சொல்லப்பட்டு வந்தது. டாக்டரான வில்லியம்ஸ், உயிருக்குப் போராடும் ஒரு குழந்தையின் படுக்கை அருகே கவலையோடு நின்றாராம். ஜன்னல் வழியே பார்த்தபோது தள்ளுவண்டி தெரிந்ததாம். அதனால்தான் 'எத்தனையோ' என்றாராம். கேட்க உருக்கமான கதை. ஆனால், விதிப்படி விரல் வைத்துக் காட்டச் சொன்னால்? குழந்தை எந்தச் சொல்லில் இருக்கிறது? ஜன்னல் எங்கே? கவிதையில் எதுவும் இல்லை.

உண்மையை வில்லியம்ஸே பிற்காலத்தில் எழுதியிருந்தார். மார்ஷல் என்ற முதிய கறுப்பினத்தவர் மீது கொண்ட பிரியத்தில் பிறந்த கவிதை அது. மீன்பிடித் தொழிலில் இருந்தவர் மார்ஷல். உடைந்த பனிக்கட்டியில் கணுக்கால் புதைய நின்று மீன்களை அடுக்கிய காலத்தைப் பற்றி டாக்டரிடம் பேசியிருக்கிறார். அவர் வீட்டுக் கொல்லையில்தான் அந்தச் சிவப்பு வண்டியும் வெள்ளைக் கோழிகளும் இருந்தன.

ஆனால், அந்த மார்ஷல் யார் என்று வெகுகாலம் யாரும் தேடவில்லை. பள்ளிப் பாடப் புத்தகங்களில் வண்டி இருந்தது, கோழி இருந்தது. மனிதர் இல்லை. கவிஞரும் விமர்சகருமான வில்லியம் லோகன் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளைப் புரட்டினார். 2015-ல் முழுப்பெயர் வெளியே வந்தது. தாடியஸ் மார்ஷல். ரூதர்ஃபோர்டிலேயே, டாக்டர் வீட்டிலிருந்து சில தெருக்கள் தள்ளி வாழ்ந்த தெரு வியாபாரி.

இப்போது அந்த 'எத்தனையோ' வேறு மாதிரி கேட்கிறதல்லவா? வியாபாரிக்கு வண்டி என்பது அலங்காரப் பொருள் அல்ல. அந்த வண்டி உருண்டால்தான் அடுப்பு எரியும். கோழி முட்டையிட்டால்தான் நாலு காசு. நம் தெருவில் காலையில் கீரைக்கட்டுகளை வண்டியில் அடுக்கித் தள்ளிக்கொண்டு வருகிறவரிடம் கேட்டால், அந்த 'எத்தனையோ'வுக்கு ஒரு நொடியில் பதில் சொல்லிவிடுவார்.

பக்கத்து ஊரான கிளிஃப்டனில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் மார்ஷல் புதைக்கப்பட்டிருந்தார். அந்த இடத்தில் பெயர் பொறித்த கல்கூட இல்லை. 2015 ஜூலையில் அங்கே ஒரு கல் நட்டார்கள். அவருடைய வாரிசுகளும் வந்திருந்தார்கள். கவிதை வெளியாகி 92 ஆண்டுகளுக்குப் பிறகு வண்டிக்காரருக்குப் பெயர் கிடைத்தது.

அப்படியானால் நுணுகி வாசித்தவர்கள் தோற்றுவிட்டார்களா? சொற்களை மட்டும் பார் என்ற விதி, மார்ஷலை மறைத்துவிட்டதா?

பாதி உண்மை. எத்தனை கூர்ந்து பார்த்தாலும் 16 சொற்களுக்குள் தாடியஸ் மார்ஷல் என்ற பெயர் கிடைக்காது. அதற்கு ஏடுகளைப் புரட்ட வேண்டும், கல்லறைத் தோட்டத்தில் நடக்க வேண்டும். சொல்லோடு நின்றுவிடுகிற வாசிப்புக்கு அந்த எல்லை உண்டு. ஆனால், இன்னொரு பாதியும் இருக்கிறது. 'ஆள் எங்கே?' என்ற கேள்வியைக் கேட்கவைத்ததே அந்தச் சொற்கள்தான். நோயாளிக் குழந்தை கதையை நம்பி உருகியவர்களுக்கு அந்தக் கேள்வி வந்திருக்காது. அவர்களுக்குத்தான் பதில் முன்பே கிடைத்துவிட்டதே. வண்டியை உற்றுப் பார்த்தவர்களுக்கே அதைத் தள்ளுகிறவர் இல்லாதது உறைத்தது.

உங்கள் வீட்டிலும் ஒரு மேஜை

இதற்குப் பல்கலைக்கழகம் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காபி, ஐந்தாறு பேர் போதும். அப்பார்ட்மென்ட் மொட்டைமாடியாக இருக்கலாம், கிளை நூலகமாக இருக்கலாம். பாட்டியும் பிளஸ் டூ பேரனும் ஒரே வட்டத்தில் உட்காரலாம்.

20 வரிக்குள் அடங்கும் கவிதையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இறகைப் பற்றி பிரமிள் எழுதிய 'காவியம்' சில வரிகள்தான். தொடங்குவதற்கு அதைவிட நல்ல கவிதை அமையாது.

செல்போனில் பார்க்காமல், ஆளுக்கொரு தாளில் கையால் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போதே பாதி கண்ணில் பட்டுவிடும்.

இரண்டு பேர் அடுத்தடுத்து உரக்கப் படிக்கட்டும். ஒரே கவிதை, இரண்டு குரலில் இரண்டு விதமாகக் கேட்கும்.

ஆளுக்கொரு சொல்லைப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் 'என்ன இருக்கிறது' என்று மட்டும் சொல்லுங்கள். 'என்ன பொருள்' என்பது இரண்டாம் சுற்றுக்கு.

கூச்சப்படுகிறவரை முதலில் பேசவிடுங்கள். கூட்டத்தில் தமிழாசிரியர் யாராவது இருந்தால், அவர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் நோட்ஸ் எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்!

அகராதி பார்க்கலாம். கவிஞரின் வாழ்க்கைக் கதையைக் கூகுளில் தேடுவது மட்டும் கடைசியில். முதலில் சொல், பிறகு கதை.

முக்கால் மணி நேரத்தில் நிறுத்திவிடுங்கள். 'ஆக, இந்தக் கவிதையின் கருத்து என்னவென்றால்' என்று முடிவுரை சொல்ல யாரையும் அனுமதிக்காதீர்கள். பதில் கிடைக்காத ஒரு கேள்வியாவது மிச்சமிருக்கட்டும்.

கேள்வியோடு எழுந்து போகிறவர்கள்தான் அடுத்த ஞாயிறும் வருவார்கள். மறுநாள் காலை தெருவில் தள்ளுவண்டி போகும்போது, அதைத் தள்ளுகிறவர் முகத்தையும் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள்.